ஏ.டி.சி. என்கிற ஒரு எண்: லிம்போமா குடும்பங்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ வலியில்லாமல் நெறி கட்டுகிறது. வாரங்கள் போயும் கரையவில்லை. பயாப்சி எடுத்துப் பார்த்து லிம்போமா என்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான்: இது மருந்துக்குக் கேட்குமா?

அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் முன்கூட்டியே பதில் தரக்கூடிய கருவிகளில் ஒன்றாக டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. வளர்ந்துவருகிறது. அதன் அடிப்படை எளிமையானது. உடம்பிலுள்ள நீர் மூலக்கூறுகள் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. தடையே இல்லாத நீரில், உடல் வெப்பநிலையில், 50 மில்லிவினாடிக்குள் ஒரு மூலக்கூறு ஒரு திசையில் ஏறத்தாழ 17 மைக்ரோமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லிம்போமா கட்டிக்குள் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் உட்கரு பெரிது, செல்களுக்கு நடுவே இடைவெளி குறைவு. அங்கே அதே நேரத்தில் அந்த மூலக்கூறால் 9 மைக்ரோமீட்டர்தான் நகர முடியும். தேரோட்டத்தன்று மாடவீதியில் நடப்பவரின் நிலைதான் அதற்கும்.

இந்த நகர்வைக் காந்தப்புலத்தைக் கொண்டு அளக்கும் முறையை ஸ்டெஸ்கல், டானர் என்ற இருவர் 1965-இல் வகுத்தார்கள். 1980-களின் நடுவில் பிரான்சின் டெனி ல பியான் அதை மனித உடலின் படமாக்கினார். 2004-இல் ஜப்பானில் தாரோ டகஹாராவின் குழு, நோயாளி மூச்சை அடக்க வேண்டிய தேவையே இல்லாமல் முழு உடலையும் இப்படி எடுக்க வழி கண்டது. லிம்போமா உடம்பின் எந்த மூலையிலும் ஒதுங்கக்கூடிய நோய். ஆகவே அந்தக் கடைசி முன்னேற்றம் இதற்குப் பெரிதும் பொருந்தியது.

ஸ்கேனிலிருந்து கிடைக்கும் எண்ணை ஏ.டி.சி. என்கிறார்கள். தடையற்ற நீருக்கு அது 3. சிகிச்சை தொடங்காத லிம்போமாவுக்குப் பெரும்பாலும் 0.6-லிருந்து 0.9 வரை. (அலகு: வினாடிக்கு 10⁻³ சதுர மில்லிமீட்டர்.) கீமோ வேலை செய்தால் செல்கள் மடியும், அவற்றின் சவ்வுகள் உடையும், நீருக்கு இடம் விரியும், எண் ஏறும். கட்டி கண்ணுக்குத் தெரியும்படி சுருங்குவதற்கு முன்பே, முதல் சில வாரங்களிலேயே இந்த ஏற்றத்தைப் பார்க்க முடியலாம். மருத்துவர்களின் ஆர்வத்துக்குக் காரணம் இதுதான். அந்த ஆர்வம் நியாயமானது. ஆனால் இந்த எண்ணைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு ஒருவரின் விதியைக் கணிக்கக் கூடாது. அதே மனிதரை, அதே கருவியில், அதே முறையில் முன்பு எடுத்த ஸ்கேனோடு ஒப்பிடும்போதுதான் அது பேசத் தொடங்கும். கீழே வருகிற ஒவ்வொரு குறிப்பும் இதை ஒட்டியதே.

சிகிச்சைக்கு முன்: செய்ய வேண்டியவை

● பயாப்சியை முதலில் முடியுங்கள். நம் ஊரில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே கழுத்தில் நெறி கட்டினால் டி.பி.யும் சமமான சந்தேகத்துக்கு உரியது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகிய மூன்றும் இரண்டு நோய்களிலும் வரும். டி.பி. நெறிக்குள் கட்டித் தயிர் போலச் சேரும் அழுகல் பொருளும் நீரின் நகர்வைத் தடுப்பதால், டிஃப்யூஷன் படத்தில் அதுவும் வெளிச்சமாகவே தெரியும், அங்கும் ஏ.டி.சி. தாழ்ந்தே இருக்கும். டி.பி. என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட பிறகு லிம்போமா என்று தெரியவரும் நோயாளிகள் நம் நாட்டில் உண்டு. அதற்கு நேர்மாறாக நடப்பதும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்லப் படத்தால் முடியாது, திசுவால்தான் முடியும். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை பல சமயம் போதாது. முடிந்தவரை முழு நெறியையும் எடுத்து, இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி வரை பார்ப்பதே நல்லது. ஸ்கேன் சென்டரின் ரிப்போர்ட்டில் “லிம்போமாவாக இருக்கலாம்” என்று இருந்தால், அதை பயாப்சிக்கு அனுப்பும் சீட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

● முதல் மருந்து உடம்பில் ஏறுவதற்கு முன்பே ஒரு ஸ்கேன் எடுத்துவையுங்கள். டிஃப்யூஷனைக் கொண்டு சிகிச்சையைக் கண்காணிக்கலாம் என்று மருத்துவர் நினைத்தால், ஒப்பிட ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். இரண்டாவது சைக்கிள் முடிந்தபின் எடுக்கும் முதல் ஸ்கேனில் எண் 1.3 என்று வந்தால், அது 0.7-லிருந்து ஏறியதா, 1.2-லிருந்து ஏறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. கணிப்புக்கு உதவுவது அந்த ஏற்றத்தின் அளவுதான்.

● ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததோ, மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கியதோ, எதுவானாலும் சரி. லிம்போமா செல்கள் ஸ்டீராய்டுக்கு எளிதில் மடிகின்றன. அதனால்தான் ஆர்-சாப் என்னும் சிகிச்சையில் பிரெட்னிசலோனும் சேர்ந்திருக்கிறது. மூளைக்குள் வரும் லிம்போமாவில் டெக்ஸாமெதசோன் கொடுத்த சில நாட்களிலேயே கட்டி மங்கிப்போகக்கூடும். பிறகு பயாப்சியிலும் எதுவும் கிடைக்காமல் போகலாம், அடிப்படை ஸ்கேனும் பொய்யாகிவிடலாம். மூளை வீக்கம் உயிருக்கு ஆபத்து என்னும் அளவுக்குப் போனால் மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்தே ஆக வேண்டியிருக்கும். அப்படியில்லாத நிலையில், திசு எடுக்கும்வரை அதைத் தள்ளிவைப்பதே வழக்கம்.

● “எங்களுக்கு இந்த ஸ்கேன் எதற்கு டாக்டர்?” என்று கேளுங்கள். லிம்போமாவின் பெரும்பான்மை வகைகளுக்கு, கட்டி உறிஞ்சும் சர்க்கரையைப் படமாக்கும் பெட் சிடிதான் அடிப்படைப் பரிசோதனை. டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. அதற்கு மேலும் ஏதோ கொடுக்க வேண்டும், அல்லது பெட் எடுக்க முடியாத இடத்தில் உதவ வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் உண்மையில் இருக்கின்றன. குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் ஸ்கேன்கள் திரும்பத் திரும்பத் தேவைப்படும். ஒவ்வொரு பெட் சிடியிலும் கதிர்வீச்சு உண்டு, எம்.ஆர்.ஐ.யில் அது இல்லை. கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு லிம்போமா வந்தால், கான்ட்ராஸ்ட் ஊசி போடாமலே டிஃப்யூஷன் எடுக்கலாம் என்பது பெரிய ஆறுதல். இரைப்பையிலும் கண்ணைச் சுற்றியும் வரும் மால்ட் வகை லிம்போமா சர்க்கரையை அதிகம் உறிஞ்சாது. பெட்டில் அது தெரியாமலே போகலாம். வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகளில் இந்த வகைக்கு டிஃப்யூஷனே மேலாக இருந்தது. மூளையோ எப்போதும் சர்க்கரையை உறிஞ்சுகிற உறுப்பு. அதற்குள்ளிருக்கும் கட்டிக்கு எம்.ஆர்.ஐ.தான் முதல் பரிசோதனை. இன்னொன்று, ரத்தச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் பெட் படம் கெடும். டிஃப்யூஷனை அது பாதிப்பதில்லை. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

சிகிச்சைக்கு முன்: செய்யக்கூடாதது

● முதல் ஸ்கேனில் வந்த எண்ணை வைத்து ஆயுளைக் கணக்கிடாதீர்கள். மூளை லிம்போமாவில் தொடக்க ஏ.டி.சி. மிகவும் தாழ்ந்திருந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது என்று சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2010-இல் எழுதியது. செல் நெருக்கம் அதிகமென்றால் நோய் வீரியமானது என்னும் விளக்கம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வில் இருந்த நோயாளிகள் மிகச் சிலரே. உடம்பின் மற்ற இடங்களில் வரும் லிம்போமாக்களில் தொடக்க எண்ணுக்கும் முடிவுக்குமான உறவு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

ஹாட்ஜ்கின் வகையில் சிக்கல் இன்னும் ஆழமானது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் விவரித்த அந்த நோயில், உண்மையான புற்றுச் செல்கள் கட்டியில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மீதியெல்லாம் அவற்றைச் சுற்றித் திரண்ட சாதாரண வெள்ளணுக்கள், சிலரில் தடித்த நார்ப்பட்டைகள். அங்கே ஏ.டி.சி. அளப்பது பெரும்பாலும் அந்தச் சுற்றுப்புறத்தைத்தான். ஆகவே ஒரு வகை லிம்போமாவில் படித்ததை இன்னொரு வகைக்குப் பொருத்தக் கூடாது. வேகமாகப் பெருகும் பி செல் லிம்போமாவில் 1993 முதல் பயன்பட்டுவரும் ஐ.பி.ஐ. கணக்கு வயது, ரத்தத்தில் எல்.டி.ஹெச். அளவு, நோயின் நிலை, நோயாளியின் நடமாட்டத் திறன், நெறிகளுக்கு வெளியே பரவிய இடங்கள் என்னும் ஐந்தையும் சேர்த்துப் பார்க்கிறது. தனி எண் ஒன்றை நம்பி அதை ஒதுக்க வேண்டாம்.

ஸ்கேன் நாளன்று

● உலோகம் எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்று பலர் தாலிக்கொடியோடு படுத்துவிடப் பார்க்கிறார்கள். கொடியில் கோத்திருக்கும் ஊக்கு இரும்பு. அதைக் காந்தம் இழுக்கும். தங்கமேயானாலும் சூடாகலாம், படத்தைக் கெடுக்கலாம், டிஃப்யூஷன் படத்தை மிகவும் மோசமாகக் கெடுக்கும். கழற்ற மனம் வராத பெண்கள் அந்த ஒரு மணி நேரத்துக்கு மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொள்ளட்டும். மெட்டி, ஹேர்பின், அரைஞாணில் கட்டிய தாயத்து, குழந்தையின் இடுப்பிலுள்ள வெள்ளிக்கொடி என எல்லாவற்றையும் நினைவாகக் கழற்றுங்கள்.

● பேஸ்மேக்கர், காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத்தூள் ஆகியவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள். பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இந்த இரும்புத்தூளைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கீமோ போர்ட் பொருத்தியிருந்தால் அப்போது கொடுத்த அட்டையைக் கொண்டுபோங்கள். பெரும்பாலான போர்ட்டுகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். டெக்னீஷியன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார்.

● முழு உடல் ஸ்கேனுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். சிறுநீர் கழித்துவிட்டு உள்ளே போங்கள். முதுகுவலியோ மூடிய இடத்தைக் கண்டு பயமோ இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள். நடுவில் புரண்டு படுத்தால் அந்தப் பகுதியின் எண் நம்பத்தகாததாகிவிடும்.

● முன்பு எடுத்த அதே சென்டரில், முடிந்தால் அதே மெஷினில் எடுங்கள். செலவு குறைவு என்றோ சீக்கிரம் இடம் கிடைத்தது என்றோ ஒவ்வொரு முறையும் வேறு இடத்துக்குப் போனால், எண்ணின் மாற்றத்தில் பாதி மெஷினின் மாற்றமாக இருந்துவிடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதை ஆன்காலஜிஸ்ட்டிடம் சொல்லுங்கள்.

● ஃபிலிமோடு சி.டி.யையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். பெரிய பிளாஸ்டிக் கவரில் ஃபிலிம்களைச் சுமந்துகொண்டு குடும்பங்கள் ஊர் ஊராக அலைவதை எந்தப் புற்றுநோய் மருத்துவமனை வாசலிலும் பார்க்கலாம். டிஃப்யூஷனைப் பொறுத்தவரை அந்த ஃபிலிம் கிட்டத்தட்டப் பயனற்றது. அதில் அச்சிட்ட சில சதுரங்களிலிருந்து ஏ.டி.சி.யைத் திரும்ப அளக்க முடியாது. மூலத் தரவு சி.டி.யிலோ சென்டரின் சர்வரிலோதான் இருக்கிறது. சென்டர்கள் தரவை எப்போதும் வைத்திருப்பதில்லை. வீட்டில் ஒரு பென்டிரைவில் தேதி வாரியாக நகல் எடுத்துவையுங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு: செய்யக்கூடாதவை

● அலகைப் பார்க்காமல் எண்ணைப் படிக்காதீர்கள். ஒரே அளவை ஒரு ரிப்போர்ட் 0.8 என்று எழுதும், இன்னொன்று 800 என்று எழுதும், மூன்றாவது 0.0008 என்று எழுதும். மூன்றும் ஒன்றுதான். 0.8-லிருந்து 1,300-க்கு எகிறிவிட்டதாகக் குடும்பம் பதறவோ மகிழவோ தேவையில்லை. இரண்டாவது எண் 1.3 என்பதன் இன்னொரு எழுத்து வடிவம், அவ்வளவே.

● வெளிச்சமாகத் தெரிவதெல்லாம் நோய் என்று பயப்படாதீர்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்புப் புள்ளிகளாக அச்சிடும்போது முழு உடல் டிஃப்யூஷன் படம் பார்ப்பதற்கு பெட் படம் போலவே இருக்கும். ஆனால் நல்ல மண்ணீரலும் அதில் பளிச்சென்று தெரியும், அதன் ஏ.டி.சி. லிம்போமாவின் அளவையே ஒட்டியிருக்கும். மூளை, தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பிகள், டான்சில், விதைப்பைகள், நோயற்ற சாதாரண நெறிகள் ஆகியவையும் தெரியும். கீமோவுக்குப் பின் வெள்ளணுக்களை ஏற்ற ஃபில்கிராஸ்டிம் ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுவதுமே தூண்டப்பட்டு வெளிச்சமாகும். அது மஜ்ஜையில் நோய் பரவியதுபோலத் தோன்றி ஆளைக் கலங்கடிக்கும். அந்த ஊசி போட்ட தேதியை ரேடியாலஜிஸ்ட்டிடம் சொல்லுங்கள். போன் செய்தாவது சொல்லுங்கள்.

● சிறிய மாற்றத்தைப் பெரிய செய்தியாக்காதீர்கள். எந்த மருந்தும் கொடுக்காமல் ஒரே ஆளை ஒரே மெஷினில் இரண்டு முறை எடுத்தாலும் எண் கொஞ்சம் மாறும். வட அமெரிக்க ரேடியாலஜி சங்கத்தின் கியூ.ஐ.பி.ஏ. குழு இதற்கு வரம்புகளைத் தந்திருக்கிறது: மூளையில் 11 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று நம்பலாம், கல்லீரலில் 26 சதவீதத்துக்கு மேல். கல்லீரலில் 0.80 என்பது 1.00 ஆனால் அதுகூட அளவைத் தடுமாற்றமாக இருக்க இடமுண்டு என்று அர்த்தம். இதயமும் நுரையீரலும் அசைந்துகொண்டே இருக்கும் மார்புக்கூட்டில் இன்னும் கவனம் வேண்டும். ஹாட்ஜ்கின் நோய் விரும்பி உட்காருவதும் அங்கேதான். நல்ல பதில் என்றால் எண் தயக்கத்துக்கு இடமில்லாமல் ஏறும். 0.7-லிருந்து 1.5-க்குப் போனால் விவாதமே வராது.

● எண் இறங்கினாலே நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். சிகிச்சை முடிந்த சில மாதங்களில், செத்த செல்கள் இருந்த இடத்தை நார்த்திசு நிரப்பும். நார்த்திசுவில் நீர் குறைவு, ஆகவே ஏ.டி.சி. மறுபடி தாழும். எம்.ஆர்.ஐ.யின் டி2 வகைப் படத்தில் அந்த இடம் கறுத்திருந்தால் அது தழும்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஹாட்ஜ்கின் நோயாளிகளில் பலருக்கு, முழுமையாகக் குணமான பின்னும், மார்புக்குள் இப்படி ஒரு மிச்சக்கட்டி நின்றுவிடுகிறது. எம்.ஆர்.ஐ.யின் எல்லாப் படங்களையும், பழைய ஸ்கேனையும், பெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவரே சரியாகச் சொல்ல முடியும்.

● பெட் சிடியைத் தவிர்த்துவிட்டு டிஃப்யூஷனை மட்டும் நம்பி சிகிச்சையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். 2009-இல் பிரான்சின் டோவில் நகரில் கூடிய நிபுணர்கள், பெட் படத்தை ஐந்து படிகளில் மதிப்பிடும் அளவுகோலை வகுத்தார்கள். கட்டி உறிஞ்சும் சர்க்கரையை, மார்பிலுள்ள பெரிய ரத்தக்குழாயோடும் கல்லீரலோடும் ஒப்பிடும் முறை அது. 2014-இன் லுகானோ வகைப்பாடு அதைத்தான் ஏற்றது. அதில் ஏ.டி.சி.க்கு வரம்பு எதுவும் குறிக்கப்படவில்லை. பெட் முடிவை நம்பி மருந்தை மாற்றலாம் என்பதற்கு நோயாளிகளிடமே சோதித்த ஆதாரம் இருக்கிறது: 2016-இல் வெளியான ராத்ல் ஆய்வில், ஹாட்ஜ்கின் நோய்க்கான ஏ.பி.வி.டி. கீமோ இரண்டு சைக்கிள் முடிந்து பெட் தெளிவாக இருந்தவர்களுக்கு நுரையீரலைக் கெடுக்கும் பிளியோமைசினை விட்டுவிட்டார்கள். நோய்க் கட்டுப்பாடு பெரிதாகக் கெடவில்லை, நுரையீரல் பாதிப்பு குறைந்தது. ஏ.டி.சி.யை வைத்து மருந்தை மாற்ற அதே கனமுள்ள ஆதாரம் வரும்வரை, அதைத் துணைச் சாட்சியமாகக் கொள்வதே நோயாளிக்குப் பாதுகாப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

● எண் நன்றாக ஏறியிருக்கிறது என்று சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். ஆர்-சாப் 21 நாட்களுக்கு ஒருமுறை, வழக்கமாக ஆறு முறை. இரண்டாவதிலேயே நெறி கரைந்து, காய்ச்சல் நின்று, சோறு இறங்கத் தொடங்கும். “அதான் சரியாகிவிட்டதே, மீதிக்கு நாட்டு மருந்து பார்க்கலாம்” என்று யாராவது சொல்வார்கள். லிம்போமா முழுமையாகக் குணமாக்க வாய்ப்புள்ள புற்றுநோய்களில் ஒன்று. அந்த வாய்ப்பு மீதியுள்ள சைக்கிள்களிலும் இருக்கிறது. ஸ்கேன் பிரிக்கும் மிகச் சிறிய புள்ளிக்குள்ளேயே பல லட்சம் செல்கள் அடங்கும். எண் ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று தெரிகிறது. வேலை முடிந்ததா என்பது அதில் தெரியாது.

ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு: செய்ய வேண்டியவை

● ஆன்காலஜிஸ்ட்டிடம் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எந்தக் கட்டியை அளந்தார்கள்? முன்பு அளந்ததும் அதே கட்டியா? எண்ணும் அளவும் பெட்டும் ஒன்றையே சொல்கின்றனவா, முரண்படுகின்றனவா? முரண்பட்டால் காத்திருந்து மறுபடி எடுப்பதா, மறுபடி பயாப்சியா என்று பேசுங்கள். வேறு மருந்துக்கு மாறுவதற்கு முன்னால் மறு பயாப்சி கேட்கிற மருத்துவரைச் சந்தேகிக்க வேண்டாம், அவர் சரியாகத்தான் செய்கிறார்.

● தேதிகளைக் குறித்துவையுங்கள். நடுவில் எடுக்கும் ஸ்கேன் அடுத்த கீமோவுக்குச் சற்று முன்னால் இருப்பது நல்லது. எல்லாம் முடிந்தபின் எடுக்கும் பெட்டுக்கு கீமோ முடிந்து 6 முதல் 8 வாரமும், கதிர்வீச்சு முடிந்து 8 முதல் 12 வாரமும் இடைவெளி விடுகிறார்கள். அதற்குமுன் எடுத்தால் ஆறிக்கொண்டிருக்கும் புண் நோய் போலத் தெரியும்.

ஸ்கேன் எடுப்பவர்களுக்கும் ரிப்போர்ட் எழுதுபவர்களுக்கும்

இந்தப் பகுதியைக் குடும்பத்தாரும் படிக்கலாம். நல்ல சென்டர் எது என்று தெரிந்துகொள்ள உதவும்.

● பி மதிப்புகளை ரிப்போர்ட்டிலேயே எழுதுங்கள். பி மதிப்பு என்பது நகர்வை மெஷின் எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதன் அளவு. முழு உடலுக்கு 50-ம் 800 அல்லது 1,000-ம் வழக்கம். பி 800-இல், ஏ.டி.சி. 0.8 உள்ள கட்டி தன் சிக்னலில் ஏறத்தாழ 53 சதவீதத்தைத் தக்கவைக்கும். ஏ.டி.சி. 1.6 ஆகிவிட்ட கட்டியில் மிஞ்சுவது 28 சதவீதம். மிகக் குறைந்த பி மதிப்புகளைக் கணக்கில் சேர்த்தால், நுண்குழாய்களில் ஓடும் ரத்தமும் நகர்வாகப் பதிவாகி எண்ணை உயர்த்திவிடும். போன முறை ஒரு ஜோடி, இந்த முறை வேறு ஜோடி என்று எடுத்தால் ஒப்பீடு அங்கேயே முறிந்தது.

● ஏ.டி.சி. வரைபடத்தைப் பார்க்காமல், டிஃப்யூஷன் படத்தின் வெளிச்சத்தை மட்டும் வைத்து எழுதாதீர்கள். நீர் கோத்த, செத்த திசுவும் டி2 காரணமாக வெளிச்சமாகும். வரைபடத்தில் அது கறுக்காது, வெளுத்திருக்கும்.

● கட்டியில் உங்களுக்குப் பிடித்த ஓரத்தில் சிறிய வட்டம் போட்டு அளக்காதீர்கள். முடிந்தால் முழுக் கட்டியையும் அளந்து சராசரியோடு கீழ்ச் சதமானத்தையும் கொடுங்கள். மருந்துக்குப் பணியாத பகுதி ஒன்று ஒளிந்திருந்தால், சராசரி அதை மூடிவிடும்.

● உறைபனியும் நீரும் கலந்த ஃபான்டமை (சோதனைப் பொருளை) அவ்வப்போது ஸ்கேன் செய்யுங்கள். 0 டிகிரியில் நீரின் எண் 1.1. ஐஸ் கட்டியும் ஒரு பாட்டில் தண்ணீரும் எந்த ஊரிலும் கிடைக்கும். மெஷின் 1.1-ஐக் காட்டவில்லை என்றால், அதில் எடுத்த நோயாளியின் எண்ணுக்கும் பொருளில்லை.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபின்

● நோய் அடங்கியபின், ஒரு தொந்தரவும் இல்லாதபோது, மனத் திருப்திக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்காதீர்கள். லுகானோ பரிந்துரைகளும் அதை ஊக்குவிக்கவில்லை. பெரும்பாலான திரும்பல்களை நோயாளியோ, பரிசோதிக்கும் மருத்துவரின் கையோதான் முதலில் கண்டுபிடிக்கிறது. அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் பொய் எச்சரிக்கைகளும் தேவையற்ற பயாப்சிகளும் கடனும்தான் மிஞ்சும்.

● குளிக்கும்போது கழுத்தையும் அக்குளையும் தொடையிடுக்கையும் தடவிப் பாருங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். புதிதாக நெறி கட்டினாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் வந்தாலோ, தலையணை நனையும்படி இரவில் வியர்த்தாலோ, ஆறு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதிக்காகக் காத்திருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். போகும்போது அந்தப் பழைய சி.டி.க்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.